பட்டறை வளைவின் பலகை

மாலகி காஃப்னி என் சித்தி மகன். என் அம்மா மூத்தவள், அவன் அம்மா கடைசி. நடுவில் பிறந்த ஐந்து பேரில் மூன்று பேர் பாஸ்டனுக்கும் இரண்டு பேர் பர்மிங்காமுக்கும் போய்விட்டார்கள். ஷானன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ரத்த சொந்தம் என்று எனக்கு மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். போன பிப்ரவரியில் செத்தான். அடக்கத்துக்கு வந்தவர்கள் பதினோரு பேர், சாமியாரையும் சேர்த்து. எங்கள் தேவாலயப் பங்கில் ஊருக்கே பிடிக்காத ஆள் செத்தாலும் இருநூறு பேர் வந்து வரிசையில் நின்று கை குலுக்கிவிட்டுப் போவார்கள். மாலகிக்குப் பதினோரு பேர்.

அவனைப் பற்றி ஊர் சொல்வதில் பாதி பொய். அந்தப் பொய்யை ஊரில் விட்டவன் அவனேதான், அதுவும் எனக்காக. உள்ளது உள்ளபடி எழுதிவைக்கிறேன்.

பத்தொன்பது வயதில் கவுண்டி கவுன்சிலின் ரோட்டு வேலைக்குப் போனான். அவன் அப்பாவின் தங்கை கணவர் அங்கே இருந்தார், அவர் சொல்லிச் சேர்த்தது. முதல் பத்து வருஷம் மண்வெட்டியும் சாக்கடைப் பள்ளமும்தான். பிறகு தார் வண்டி. நாற்பது வயதில் மேஸ்திரி ஆனான். கல்யாணம் ஆகவில்லை. ஒரு பெண் இருந்தாள், லண்டனுக்குப் போனாள், கடிதம் நின்றுபோனது. யாராவது கேட்டால், "என்னை ரோட்டுக்குக் கட்டிக்கொடுத்துட்டாங்க. வருஷா வருஷம் சீதனமா பள்ளம்தான் குடுக்கறா" என்பான். சவ ஊர்வலம் வந்தால் இயந்திரத்தை நிறுத்துவான், தொப்பியைக் கழற்றுவான், கடைசிக் கார் போகும்வரை போடமாட்டான். மழையானாலும் அப்படித்தான்.

எங்கள் பக்கத்தில் சாவு வீடு என்றால் கார்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் அரை மைலுக்கு நிற்கும். ரோடோ ஒரு டிராக்டர் போகும் அகலம். அதனால் கவுன்சில் ஆட்கள் யாராவது நாலு ரோட்டுக் கூம்பும் ஒரு எச்சரிக்கைப் பலகையும் கொண்டுவந்து வாசலருகே வைப்பார்கள். அதில் என்ன எழுதியிருந்தாலும் சரி, காரோட்டி வேகத்தைக் குறைத்தால் போதும். ஆபீசில் யாரும் கேட்பதில்லை. பழைய இன்ஜினியரின் அப்பா செத்தபோது அவர் வீட்டு வாசலிலேயே எட்டுக் கூம்பு நின்றது.

1998 ஜூன் மாதம் என் கணவர் ஃபிண்டன் வைக்கோல் வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவரை முன்னறையில் கிடத்தியிருந்தோம். மதியத்திலிருந்தே கூட்டம். ஐந்தரை மணி இருக்கும், வாசலில் ஒரு கார் கிழவர் ஒருவரை இடிக்கப் பார்த்தது. நான் உள்ளே போய் மாலகி வீட்டுக்கு ஃபோன் செய்தேன்.

"டேய் மாலகி, இங்க இன்னொரு பொணம் விழப்போகுது. ஒரு பலகை கொண்டாடா."

"கவுன்சில் கிடங்கைப் பூட்டியாச்சு நோனி. சாவி என்கிட்ட இல்லை. பலகை எல்லாம் வேலை நடக்கற இடத்துல நிக்குது."

"அதுல ஒண்ணு எடுத்துட்டு வா. உன் மச்சான் செத்துக் கிடக்கறாரு, உனக்குச் சாவி கேக்குதா?"

"பக்கத்துல இருக்கறது பட்டறை வளைவுப் பலகை ஒண்ணுதான். புதன்கிழமைதான் தார் தெளிச்சு ஜல்லி தூவினோம். இன்னும் ஒட்டலை. கால் வச்சாலே வழுக்குது."

"அந்த ரோட்டுல இப்ப யாருடா போறா? ஊரே இங்கதானே நிக்குது!"

நான் சொன்னது இதுதான். சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. அவன், "காலையில அடக்கப் பூசைக்கு முன்னாடி திருப்பி வச்சுடுவேன்" என்றான்.

டவுன் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பார்க்கும்படி நின்ற பலகையை எடுத்து வந்து எங்கள் கேட்டருகே வைத்தான். "ஜல்லி உதிரும், மெதுவாகச் செல்லவும்" என்று இருந்தது. வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஃபிண்டனின் ஒன்றுவிட்ட அண்ணன், "மெதுவாச் செல்லவும்னு போட்டிருக்கீங்களே, அவன் ஆயுசுல வேகமாப் போன ஒரே பயணம் இதுதான். அதையும் தடுக்கணுமா?" என்றார். நானும் சிரித்தேன். பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

எட்டு மணிக்குப் பால் லாரி ஓட்டுகிறவன் உள்ளே வந்தான். தொப்பி கையில் இருந்தது. அட்ராக்டா மகள் ஓர்லாவின் கார் பட்டறை வளைவில் சுவரில் மோதிக் கிடக்கிறது என்றான். சாமியாரைக் கூட்டிப்போக வந்திருந்தான்.

ஓர்லாவுக்கு இருபத்திரண்டு வயது. டவுனில் முதியோர் இல்லத்தில் வேலை. ஏழு மணிக்கு வேலை முடித்து, வீட்டுக்குப் போய் அம்மாவை ஏற்றிக்கொண்டு எங்கள் சாவு வீட்டுக்குத்தான் வருவதாக இருந்தாள். அட்ராக்டா விதவை, இருந்தது இந்த ஒரு பெண்தான். கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறாள்.

எல்லோரும் எழுந்து வெளியே ஓடினார்கள். எங்கள் பக்கத்தில் ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம், ஊசி விழுந்தாலும் தெரியும். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாலகி கேட்டருகே தனியாக நின்றான். பலகையைத் தூக்கிக்கொண்டு போனால் எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் அதைச் சுற்றித் திருப்பி, எழுத்து சுவரைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்தான். நிமிர்ந்தபோது ஜன்னலில் என்னைப் பார்த்தான். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

காலையில் எங்கள் கேட்டருகே பலகை இல்லை. காவலர்கள் வளைவில் நாடா பிடித்து அளந்தபோது அது புல்லில் தன் இடத்தில் நின்றது.

செப்டம்பரில் ஓர்லாவின் மரண விசாரணை. "எச்சரிக்கைப் பலகை வைத்தீர்களா?" என்று கேட்டார்கள். "புதன்கிழமை வச்சோம் ஐயா" என்றான் மாலகி. வெள்ளிக்கிழமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் வேகம், கொஞ்சம் ஜல்லி, யார் மேலும் குற்றமில்லை என்று எழுதினார்கள். அந்தப் பலகையைப் பார்த்துச் சிரித்தவர்கள் நாற்பது பேராவது அன்று ஊரில் இருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு ஞாபகம் வரவில்லையா, வந்து விழுங்கிக்கொண்டார்களா, தெரியாது. நான் விழுங்கினேன்.

அட்ராக்டா வளைவின் ரோட்டோரப் புல்லில் ஒரு சிலுவை நட்டாள். முதலில் மரம், பிறகு கருங்கல். ஓர்லாவின் படம் பதித்து, வெயிலில் சார்ஜ் ஏறி இருட்டில் எரிகிற சின்ன விளக்கு ஒன்றும் வைத்தாள். கோடையில் ரோட்டோரப் புல் வெட்டும் இயந்திரம் அங்கே வரும்போது மாலகி கை காட்டி நிறுத்துவான். தானே மண்டியிட்டுக் கத்தரியால் சுற்றிலும் வெட்டுவான். கல்லைத் துடைப்பான். ஓட்டுநர் இறங்கிச் சிலுவை அடையாளம் போடுவான், மாலகி போடமாட்டான். "பொன்னான மனுஷன்" என்றது ஊர். கிறிஸ்துமஸுக்கு அட்ராக்டா அவனுக்குக் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுப்பாள். பதினாலு ஜோடி. அவன் செத்த பிறகு அலமாரியைக் காலி செய்தவள் நான். பதினாலும் மடித்தபடி இருந்தன, ஒன்றிலும் பாதம் படாமல்.

2012-ல் கவுன்சிலில் புது விதி வந்தது. ரோட்டோரத்தில் இறந்தவர்களுக்கு வைத்த சிலுவை, கல், படம் எதற்கும் இனி அனுமதி வேண்டும். முழங்காலுக்கு மேல் உயரம் கூடாது, விளக்கு கூடாது, வளைவில் கூடவே கூடாது. இருபத்தெட்டு நாள் நோட்டீஸ், அதற்குப் பிறகு கவுன்சில் ஆட்களே எடுத்துக் கிடங்கில் வைப்பார்கள். மாலகியின் பகுதியில் ஏழு இருந்தன. புது இன்ஜினியர் சோர்கா, தெற்கே கார்க் பக்கத்துச் சின்னப் பெண், நல்ல பெண், நோட்டீஸைத் தபாலில் அனுப்பலாம் என்றாள். மாலகி ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வீடாகத் தானே போனான்.

ஒரு வீட்டில் கதவைத் திறந்த பெண் காகிதத்தைப் படித்துவிட்டு, "தேர்தலுக்கு நின்ன அத்தனை மூஞ்சியும் கம்பத்துல தொங்குது, அதைப் பாத்து எவனும் வண்டியைக் கவுக்கலை. என் தம்பி பேரைப் பாத்துத்தான் கவுத்துடுவானா?" என்றாளாம்.

"நான் எழுதின சட்டம் இல்லம்மா."

"தெரியும். எழுதினவன் வரமாட்டான், உன்னை அனுப்புவான். உள்ள வா, டீ குடி."

அப்படி ஆறு வீடு. சிலர் திட்டினார்கள், சிலர் டீ கொடுத்தார்கள், ஆறும் எடுக்கப்பட்டன. ஏழாவது அட்ராக்டா வீடு, அதற்கு அவன் போகவில்லை. நோட்டீஸை என் சமையலறை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"தபால்ல போட்டுடு" என்றேன்.

"போட்டாச்சு. இது நகல்."

அதற்குள் அட்ராக்டா கவுன்சிலுக்குப் போய் விண்ணப்பம் வாங்கிவிட்டாள். வளைவில் அனுமதி இல்லைதான். ஆனால் சோர்கா இரக்கப்பட்டு ஒரு வழி சொல்லியிருக்கிறாள்: அந்தப் பகுதி ரோட்டு மேஸ்திரி, இந்த இடத்தில் கல் நிற்பதால் ஆபத்தில்லை என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால், மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்று. அட்ராக்டா மாலகியைத் தன் வீட்டுக்கு வரச்சொன்னாள். அங்கே நடந்ததை ஒரு மணி நேரம் கழித்து அவனே என்னிடம் வந்து சொன்னான்.

காகிதத்தையும் பேனாவையும் முன்னால் வைத்திருக்கிறாள்.

"ரெண்டு வரி மாலகி. வேற யாரும் அந்தக் கல்லை உன்னை மாதிரி பாத்துக்கலை. வேற யாருகிட்ட நான் போய்க் கேப்பேன்?"

"என்னால எழுத முடியாது அட்ராக்டா."

"ஏன், வேலை போயிடும்னு பயமா? இன்னும் ஒரு வருஷத்துல ஓய்வு. எந்த வேலை போகப்போகுது?"

"அந்த இடத்துல ஆபத்தில்லைன்னு எழுதச் சொல்றே. நான் எப்படி எழுதுவேன்? அன்னிக்கு அங்க பலகை இல்லை. நான்தான் எடுத்தேன்."

அவள் பேனாவின் மூடியைப் போட்டாளாம். எதற்கு எடுத்தாய் என்று கேட்டாளாம். "திருட்டுப் போயிடும்னு வீட்டுக்குக் கொண்டுபோனேன். சனிக்கிழமை காலையில திருப்பி வச்சேன்" என்றிருக்கிறான்.

"விசாரணையில சொல்லலை."

"கேக்கலை."

"பதினாலு வருஷமா நான் பின்னின காலுறையைப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சே."

அவள் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், அவன் வெளியே வந்தான்.

என் மேசையில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டு, "சாவு வீட்டுக்குக் கொண்டுபோனேன்னு சொல்லலை நோனி. சொன்னா அன்னிக்கு எந்தச் சாவு வீடுன்னு யோசிக்கவே வேண்டாம். நீ வாயைத் திறக்காதே. ஒரு ஆளு போதும்" என்றான்.

"நானும் வந்து சொல்றேன்டா" என்றேன். வாய் சொன்னது. கால் நாற்காலியை விட்டு எழவில்லை. அவனுக்கும் அது தெரிந்தது. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

வாரம் முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கவுன்சிலுக்கு அவனே எழுதிக் கொடுத்தான், ஓய்வுக்கு முன்னாலேயே வீட்டில் உட்கார்ந்தான். பூசையில் அவன் இருந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. பிறகு அவனே கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் போய்க் கதவோரம் நின்றான். கடையில் பேச்சு நின்றுபோகும். பலகையைப் பார்த்து ஜோக்கடித்தாரே ஃபிண்டனின் அண்ணன், அவரே என் காதுபட, "பலகையைக் காப்பாத்தினான், பொண்ணைக் காப்பாத்தலை" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் உருளைக்கிழங்கு விளைச்சலைப் பற்றிப் பேசினோம்.

கல் அங்கே நிற்க முடியாது என்று கடிதம் வந்ததும் அட்ராக்டா என்னிடம் வந்தாள். வளைவில் சுவருக்கு உள்பக்கம் இருக்கிற வயல் எங்களுடையது. தனியார் நிலத்துக்குள் கவுன்சில் வராது, சொந்தக்காரர் சம்மதம் இருந்தால் போதும்.

"ஒரு அடி இடம் போதும் நோனி. சுவருக்கு உள்ளே, அவ விழுந்த இடத்துக்கு நேரா."

"எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ" என்றேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "உனக்கு உன் மனுஷன் போன வாரமும் அதுதான், எனக்கு என் பொண்ணு போன வாரமும் அதுதான். உனக்குத்தான் என் வலி தெரியும்" என்றாள். கையை உருவிக்கொள்ளவும் எனக்குத் துணிவில்லை.

அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு ஜூனிலும், ஓர்லாவின் வருஷப் பூசை முடிந்த மறுநாள், அட்ராக்டா எனக்கு ஒரு திராட்சை ரொட்டி கொண்டுவருவாள். தேயிலைச் சாற்றில் திராட்சையை ஊறவைத்துச் சுடுவது. நீல நிறத் தகர டப்பாவில் வரும். எங்கள் பக்கத்தில் டப்பாவை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். நான் ஆறு முட்டை வைத்துக் கொடுப்பேன். அந்த ரொட்டியை வெண்ணெய் தடவித் தின்றேன். மாலகிக்கு ஒரு துண்டு எடுத்துப் போனேன் ஒருமுறை. யார் சுட்டது என்று கேட்டான். சொன்னேன். தட்டை என் பக்கமே நகர்த்திவிட்டான்.

வாரம் ஒருமுறை அவன் வீட்டுக்குப் போவேன், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன், கூடியமட்டும் பின்வழியாக. அதையும் எழுதத்தான் வேண்டும். என் தம்பி வீட்டுக்கு நான் பின்வழியாகப் போனேன். அவன் ஒருநாளும் அதைக் குத்திக்காட்டவில்லை. "சேறா இருக்கே நோனி, முன்னாடி வழியில ஜல்லி போட்டிருக்கேனே" என்று மட்டும் ஒருமுறை சொன்னான்.

நுரையீரல் கெட்டுப் போய்த்தான் செத்தான். அவன் வீட்டில் கிடத்தினோம். முதல் நாள் சாயந்திரம் நான் வாசலில் போய் நின்று பார்த்தேன். நாற்பது வருஷம் பங்கிலுள்ள அத்தனை சாவுக்கும் பலகையும் கூம்பும் சுமந்தவன். அவன் வாசல் ரோட்டில் ஒரு கூம்புகூட யாரும் வைக்கவில்லை. வைக்க அவசியமும் இல்லை, நின்றது மூன்று கார். அட்ராக்டா வரவில்லை. "அவளை யாரு குறை சொல்ல முடியும்?" என்றாள் சாமியார் வீட்டுச் சமையற்காரி. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பிணத்துக்கு முன்னால் நின்று தலையாட்டினேன்.

இந்த ஜூனில் வருஷப் பூசை முடிந்த மறுநாள் அட்ராக்டா வந்தாள். எழுபத்தாறு வயதாகிறது, முழங்கால் வலி, ஆனாலும் தானே காரோட்டி வந்தாள். நீல டப்பாவை மேசையில் வைத்தாள். முட்டை ஆறும் காகிதத்தில் சுற்றித் தயாராக இருந்தன. கெட்டிலை அடுப்பில் வைத்தேன், அது கொதிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், கொதித்துவிட்டால் டீ ஊற்ற வேண்டும், ஊற்றினால் பேச்சு வேறெங்காவது போய்விடும்.

"அட்ராக்டா, அந்தப் பலகையை மாலகி அவன் வீட்டுக்குக் கொண்டுபோகலை. இங்க கொண்டுவந்தான். என் கேட்டுல நின்னுச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் ஃபோன் பண்ணிக் கொண்டுவரச் சொன்னேன். ஜல்லி ஒட்டலை, வழுக்குதுன்னு அவன் சொன்னான். அந்த ரோட்டுல யாரு போறா, ஊரே இங்கதானே நிக்குதுன்னு நான்தான் சொன்னேன்."

கெட்டில் சத்தம் போட ஆரம்பித்தது.

"ஊருல எத்தனை பேருக்குத் தெரியும்?"

"வந்தவங்க எல்லாம் பார்த்தாங்க. செய்தி வந்ததும் மாலகி அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வச்சான். நான் ஜன்னல்ல நின்னு பார்த்தேன்."

"அவன் என்கிட்ட பொய் சொன்னான்."

"எனக்காகச் சொன்னான்."

"உன் வயல்ல நிக்குது என் பொண்ணு கல்லு. உனக்கு நான் வருஷா வருஷம் ரொட்டி சுட்டேன்." நிறுத்தினாள். "அவன் சாவுக்கு நான் வரலையே, நோனி. நாலு வீடு தள்ளித்தான் கிடந்தான். கோட்டை மாட்டிட்டு, திரும்பக் கழட்டி வச்சேன்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

எழுந்து டப்பாவைத் திறந்தாள். தட்டு கேட்கவில்லை. ரொட்டியை மேசை விரிப்பின் மேலேயே கவிழ்த்தாள், உள்ளே ஒட்டியிருந்த துகளை உள்ளங்கையால் தட்டிவிட்டாள், மூடியை அழுத்தி மூடினாள். நான் முட்டைப் பொட்டலத்தை நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், வாங்கவில்லை. வெறும் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து வாசற்படி இறங்கிப் போனாள்.

ரொட்டி இன்னும் மேசையில்தான் இருக்கிறது. நான் அதை வெட்டவில்லை.